கொழிஞ்சாம்பாறை பிரஸ்: ரசீது புத்தகம் அடிக்கும் கடையில் எழுத்து படித்த கதை

டிசைன் படிக்கிற பிள்ளைகளுக்காக எழுதும் மதிப்புரை இது. நோட்டீஸ் அடிக்க மட்டும் கடை தேடுகிறவர்களுக்கு விலை விவரம் கடைசியில் இருக்கிறது, நேராக அங்கே போய்விடலாம்.

கடையின் பெயரைப் போடக் கூடாது என்பது கடையை நடத்துகிற அண்ணன் போட்ட ஒரே நிபந்தனை. "பேரைப் போட்டீன்னா கோயமுத்தூர்ப் பிள்ளைக எல்லாம் வந்து உக்காந்துக்கும் அம்மிணி, அப்புறம் நோட்டீஸ் எவன் அடிப்பான்?" என்றார். அவர் கவலை அவருக்கு. கொழிஞ்சாம்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கள்ளுக்கடை ரசீது புத்தகம் எங்கே அடிப்பார்கள் என்று கேளுங்கள். யாரும் கையைக் காட்டுவார்கள். பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் கள்ளும் தென்னையும் இருக்கும்வரை ரசீது புத்தகத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் கடையின் பழைய டிரெடில் அச்சு மிஷினுக்கும் ஓய்வில்லை.

எங்கள் வீடு வண்ணாமடைப் பக்கம். கேரளத்துக்குள் இருக்கிற தமிழ் ஊர்கள் இவை. பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம், ரேஷன் கடையில் மலையாளம், வீட்டில் கொங்குத் தமிழ். கல்லூரிக்கு வேலந்தாவளம் தாண்டிக் கோவை போகிறேன், மூன்றாம் வருடம். இரண்டு வருடம் டைப்போகிராபி படித்தும் தமிழில் ஒரு பத்தியை ஒழுங்காக அமைக்கத் தெரியாது என்பது போன மார்ச்சில்தான் எனக்கே உறைத்தது. கல்லூரிப் பாடத்தில் இருந்ததெல்லாம் ஆங்கில எழுத்து: செரிஃப், எக்ஸ் ஹைட், கெர்னிங். சரி, தனியாகப் படிப்போம் என்று 4,500 ரூபாய் கட்டி ஆன்லைனில் ஒரு கோர்ஸ் சேர்ந்தேன். யார் நடத்துவது என்று சொல்ல வேண்டாம். 'இந்திய எழுத்துகள்' என்ற பகுதி மொத்தம் 11 நிமிடம். அதிலும் ஒன்பது நிமிடம் தேவநாகரிக்கு.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கல் நோட்டீஸ் என் தலையில் விழுந்தது. "டிசைன் படிக்கிறியே, நீயே போட்டுக் கொடு" என்றார் மாமா. தமிழ், மலையாளம், கொஞ்சம் ஆங்கிலம், மூன்றும் ஒரே தாளில், டெமி எட்டில் ஒன்று அளவு. கம்பீரமாகச் செய்தேன். அடர்ந்த மெரூன் பின்னணி, அதில் வெள்ளை எழுத்து, நன்கொடையாளர் பட்டியல் 6.5 பாயிண்டில், மெல்லிய எழுத்துருவில். திரையில் பார்க்க அப்படி ஓர் அழகு. கோப்பை எடுத்துக்கொண்டு இந்தக் கடைக்குப் போனேன். அண்ணன் பார்த்துவிட்டு, "நெரம்பிக்குமே அம்மிணி" என்று மட்டும் சொன்னார். எது நிரம்பும் என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. அடியுங்கள் என்றேன்.

500 நோட்டீஸ் வந்தது. 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் மையைக் குடித்துப் பரப்பிவிட்டது. வெள்ளை எழுத்தைச் சுற்றியிருந்த மெரூன் மை உள்ளே வழிந்து முதலில் விழுங்கியது புள்ளிகளை. நாற்பது வரியிலும் 'குடும்பத்தார்' இருந்த இடத்தில் 'குடுமபததார' என்று நின்றது. 'பொதுமக்கள்' 'பொதுமககள' ஆகியிருந்தார்கள். ண எழுத்தின் சுழிகள் தூர்ந்துபோய், ன எது, ண எது என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் ஓர் ஐ-யின் தலைப்புள்ளி போனாலும் படித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய் ஆகிவிடும், சொல்லே வேறு. தப்பு முழுக்க என்னுடையது. அண்ணன் பாதி விலைக்கு, 600 ரூபாய்க்கு, திரும்ப அடித்துக் கொடுத்தார். வெள்ளைத் தாளில் மெரூன் எழுத்து, பட்டியல் 9 பாயிண்ட், நடுத்தரத் தடிமன். அப்போதுதான் உள்ளறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பா என்னைக் கூப்பிட்டார்.

தாத்தாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். பதினைந்து வயதில் அச்சுக் கோக்க வந்தவர். கடைக்குள் ஆஃப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்து வெகுகாலம் ஆகியும், பின்னறையில் நாலு தமிழ் கேஸ் (அச்செழுத்து போட்டுவைக்கும் அறை அறையான பெட்டி), ஒரு ஜோடி ஆங்கில கேஸ், ஒரு மலையாள கேஸ் என்று வைத்துக்கொண்டு ரசீது தலைப்புகளை மட்டும் இன்னும் ஈய எழுத்தில் கோத்து வருகிறார். எண் போடுவதும் ஓட்டை வரிசை போடுவதும் டிரெடிலில்தான். தாத்தா கேட்டது ஒரே கேள்வி: "வரிக்கும் வரிக்கும் எத்தனை லெட் வெச்சே?"

இரண்டு வருடமாக நானும் என் வகுப்பும் 'லீடிங், லீடிங்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். தாத்தா இழுப்பறையைத் திறந்து விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு தகட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஈயத் தகடு. ஈயத்துக்கு ஆங்கிலத்தில் லெட். இரண்டு பாயிண்ட் கனம். வரிகளுக்கு நடுவே இதைச் செருகுவதால்தான் அந்தப் பெயர், 'லெடிங்' என்று சொல்ல வேண்டும். கையில் கனத்தது. ஒரு வரி இடைவெளிக்கு எடை உண்டு என்று பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருள் எனக்குச் சொன்னதில்லை. அது தானாக வைக்கும் இடைவெளி எழுத்தளவில் 120 சதவீதம், 12 பாயிண்டுக்கு 14.4. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேல்வரியில் 'மூ'வின் வால் இறங்கும், கீழ்வரியில் 'கீ'யின் சுழி ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். தாத்தா 12-க்கு மூன்று லெட் வைப்பார், அதாவது 18. என் பழைய நோட்டீஸ் கோப்பில் அதே பத்தியை 18-க்கு மாற்றிப் பார்த்தபோது, யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை அங்கேதான். கட்டணம் கிடையாது. பதிலுக்கு, வருகிற தமிழ் நோட்டீஸ்களுக்கெல்லாம் பிரூஃப் பார்த்துத் தர வேண்டும். நல்ல பேரம்தான், ஆனால் சீமந்தம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஒரே காலையில் வாழ்க்கை முழுவதையும் படித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போவது ஒரு மாதிரி இருக்கும்.

கேஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்கு மேல்பெட்டி, கீழ்ப்பெட்டி என்று இரண்டு. அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். தமிழுக்கு 247 எழுத்து என்று பயப்பட வேண்டியதில்லை. கா, கெ, கை, கொ எல்லாம் துணைக்கால், கொம்பு என்று தனித்தனி அச்சை ஒட்ட வைத்தே வந்துவிடும். சிக்கல் உகரத்தில் இருக்கிறது. கு, சு, டு, மு, ழு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், நெடிலும் அப்படியே. பதினெட்டு மெய்க்கு இரண்டிரண்டு என்றால் அதற்கே 36 அறை. அடிக்கடி வரும் க, த, ம, புள்ளி எழுத்துகள் எல்லாம் கைக்குப் பக்கம். ஙூ இருக்கிற அறையில் தூசிதான் இருக்கிறது. தாத்தா பார்க்காமலே எடுப்பார். ஸ்டிக்கில், அதாவது கையில் பிடித்து வரி கோக்கும் சட்டத்தில், எழுத்து தலைகீழாகவும் கண்ணாடியில் தெரிவது போலவும் நிற்கும். என் பெயரைக் கோக்க முதல் நாள் எனக்கு இருபது நிமிடம் ஆனது. அதிலும் ர என்று நினைத்துத் துணைக்காலை எடுத்து வைத்திருந்தேன்.

இந்த ர, துணைக்கால் குழப்பம் சாதாரணமானது இல்லை. முன்னறையில் டி.டி.பி. பார்க்கிற சேச்சியும் அதே பள்ளத்தில் நிற்கிறார். சேச்சி பாலக்காட்டுக்காரர், தாய்மொழி மலையாளம். பாமினி எழுத்துருவில் தமிழை அடிக்கும் வேகத்தைப் பார்த்தால் நம்ப முடியாது. பாமினியில் 'தமிழ்' என்று வர ஜே, கே, பி, ஓ, அப்புறம் அரைப்புள்ளி அடிக்க வேண்டும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகளே பல்லிளிக்கும். அதில் 'ர்' அடிப்பவர்கள் துணைக்காலை அடித்து மேலே புள்ளி வைப்பது வழக்கம், பார்க்க ஒன்றுபோல் இருக்கும் என்பதால். நான் ஒரு பழைய கோயில் மலரை யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன் என்று வீராப்பாக வாங்கிப் போனேன். மாற்றி முடித்தபோது 'சார்', 'ஊர்', 'அவர்கள்' எல்லாவற்றிலும் புள்ளி வைத்த துணைக்கால் நின்றது. கண்ணுக்குத் தெரியாது. 'ஊர்' என்று தேடினால் மட்டும் ஒன்றுகூடக் கிடைக்காது. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து திருத்தினேன். சேச்சி பாவம், "மோளே, நான் கண்ணிலே காண்றதத் தானே அடிக்கும்" என்றார். ஈய எழுத்துக் காலத்துப் பழக்கம் கணினிக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட கதை. தாத்தாவின் கேஸிலும் சிறிய பாயிண்டுகளில் ர-வும் துணைக்காலும் ஒரே அச்சுதான்.

தலைப்பு எழுத்து விஷயத்தில் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகளை எட்ட எட்ட வைத்தால் மிடுக்காக இருக்கும் என்று கல்லூரியில் படித்திருக்கிறோம். 'பொங்கல் விழா' என்பதை அதேபோல் இழுத்துக் காட்டினேன். தாத்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏனம்மிணி, காலு மட்டும் தனியா நடந்து போகுது?" உண்மைதான். பொ-வில் கொம்பு ஒருபக்கம், ப நடுவில், துணைக்கால் இன்னொரு பக்கம் என்று ஓர் எழுத்து மூன்று எழுத்தாக நின்றது. அதன்பிறகு தமிழ்த் தலைப்புக்கு இடைவெளி கூட்டுவதை விட்டுவிட்டேன். அகலம் வேண்டுமென்றால் எழுத்துருவையே அகலமாக எடுத்துக்கொள்கிறேன். எக் டைப் என்ற எழுத்துருக் குழு வடிவமைத்து 2022-இல் வந்த அனேக் எழுத்துரு இதற்கு வசதி. அகலத்தையும் தடிமனையும் தனித்தனியாக நகர்த்தலாம், தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்தில் கிடைக்கும். எல்லை நாட்டில் நோட்டீஸ் போடுகிறவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும். அதே எக் டைப்பின் பாலூ எழுத்துருவில் தமிழுக்குப் பெயர் 'பாலூ தம்பி', மலையாளத்துக்கு 'பாலூ சேட்டன்'. சேச்சிக்கு இதைச் சொன்னபோது சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நீளமான பத்திக்கு நான் எடுப்பது மீரா இனிமை. அந்தத் தமிழ் எழுத்துரு கேரளத்தில் பிறந்தது, ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு வெளியிட்டது, வரைந்தவர் ஹுசைன் கே.எச். எங்களைப் போல அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்.

மூன்று எழுத்தும் ஒரே தாளில் வரும்போது எல்லாவற்றுக்கும் 12 பாயிண்ட் என்று போட்டால் ஒத்துவராது. என் நோட்டீஸில் தமிழ் தடித்துப் பெரிதாகத் தெரிந்தது, ஆங்கிலம் ஒல்லியாக ஒதுங்கியது, மலையாளம் வட்ட வட்டமாக இரண்டு வரி அதிகம் எடுத்துக்கொண்டது. தாத்தா எண்ணைப் பார்க்க மாட்டார். தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, எந்தப் பத்தி கறுப்பாகத் தெரிகிறது என்று பார்ப்பார். கறுப்பானதைக் குறைப்பார். நான் கடைசியில் வந்து நின்றது தமிழ் 11, மலையாளம் 11.5, ஆங்கிலம் 12.5. இது என் எழுத்துருக்களுக்கான கணக்கு, உங்களுக்கு வேறாக வரும்.

வரி உடைப்பதில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம்: எந்த வரியும் புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது. 'கும்பாபிஷேகப் பெருவிழாவிற்கு' மாதிரி சொற்களை டெமி எட்டில் ஒன்றில் இரண்டு பக்கமும் சமன் செய்தால் நடுவில் வெள்ளை ஓடைகள் ஓடும். 'பெருவிழா' என்று முடித்து அடுத்த வரியை 'விற்கு' என்று தொடங்கலாம், கோடு போடக்கூடத் தேவையில்லை. 'பெருவிழாவி' என்று விட்டு 'ற்கு' என்று தொடங்கினால் அந்த ஸ்டிக்கைத் தட்டிக் கொட்டிவிடுவார். கொட்டிய எழுத்தைத் திரும்ப அறை அறையாகப் போட வேண்டியது நாம். இரண்டு முறை போட்டேன், அதன்பிறகு மறக்கவில்லை.

கணினிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு, இதைக் கடையில் யாரும் சொல்லித் தரவில்லை, நானே முட்டி மோதிக் கண்டது. இன்டிசைனில் யூனிகோடு தமிழைப் போட்டதும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். பாராகிராஃப் பலகையில் கம்போசரை 'வேர்ல்ட் ரெடி' என்பதற்கு மாற்றுங்கள். எங்கள் கல்லூரி லேபில் ஒரு செமஸ்டர் முழுக்க உடைந்த தமிழைப் படமாக மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை, கரண்ட் இல்லை, வேலையும் இல்லை. இந்தியாவில் இந்திய மொழி அச்செழுத்தில் வந்த முதல் புத்தகம் தமிழில்தான், அதுவும் கேரளத்தில் கொல்லத்தில், 1578-இல், 'தம்பிரான் வணக்கம்', ஹென்றிக் ஹென்றிக்ஸ் என்ற பாதிரியார் செய்தது, 16 பக்கம் என்று தாத்தாவுக்குச் சொன்னேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "புள்ளி வெச்சிருந்தானா?" என்றார். அந்தக் காலத்துத் தமிழில் புள்ளி வைக்கிற வழக்கம் இல்லை என்றேன். "அப்ப உன் நோட்டீஸ் மாதிரின்னு சொல்லு" என்று வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

குறைகளும் இருக்கின்றன. நேரம் என்பது இந்தக் கடையில் ஒரு பொதுவான கருத்து மட்டும். புதன்கிழமை தருகிறேன் என்றால் வெள்ளிக்கிழமை போங்கள். மலையாள மேடம் (சித்திரை), சிங்கம் (ஆவணி) மாதக் கல்யாண சீசனில் கற்றுக்கொள்ள என்று போகவே போகாதீர்கள், உட்கார இடம் இருக்காது, அண்ணன் முகமும் வேறு மாதிரி இருக்கும். சேச்சி யூனிகோடுக்கு வர மாட்டேன் என்கிறார், அதனால் அங்கே அடித்துத் தந்த செய்தியை வேறு எங்கும் பயன்படுத்த முடியாது. கோப்பு கேட்டால் பழைய பேஜ்மேக்கர் கோப்பு வரும். நாலு வண்ண வேலை இங்கே கிடையாது, வாங்கிக் கோவைக்கு அனுப்புகிறார்கள், அதற்கு நீங்களே கோவைக்குப் போய்விடலாம். பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்று: பக்கத்தில் கழிப்பறை இல்லை, பேக்கரியில் டீ வாங்கினால் அங்கே விடுவார்கள். தலைமுடியைக் கட்டாமல் டிரெடில் பக்கம் போனால் தாத்தா கத்துவார், அந்தக் கத்தல் நியாயமானது. ஈயம் தொட்ட கையோடு பன் சாப்பிட்டாலும் கத்துவார்.

இன்னொரு மனக்குறை, தாத்தா ஏன் என்பதைச் சொல்ல மாட்டார். 'இப்படி வை' என்பார், அவ்வளவுதான். காரணத்தை நாமே வீட்டுக்கு வந்து யோசித்துக்கொள்ள வேண்டும். சில காரணங்கள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் ஏன் ஓரத்தில் ஒரு பைகா (12 பாயிண்ட்) அதிகம் விடுகிறார் என்று மூன்று முறை கேட்டுவிட்டேன்.

விலை, நான் போனபோது இருந்தது: டெமி எட்டில் ஒன்று, ஒரு வண்ணம், ஒரு பக்கம், 500 நோட்டீஸ் 1,200 ரூபாய், தமிழ் டைப்பிங் சேர்த்து. கோப்பு நாம் கொண்டுபோனால் 150 குறையும். உக்கடத்திலிருந்து வேலந்தாவளம் வழியாக வரும் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். ஞாயிறு ஒரு மணிக்கு ஷட்டர் விழுந்துவிடும். போகும்போது ஓர் இரும்பு ஸ்கேலும் லென்ஸும் கொண்டுபோங்கள், லேப்டாப் வேண்டாம், வைக்க இடமில்லை. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். பிடித்துவைத்த ஒன்று அந்தக் கோயில் மலர் ராத்திரிக்காக.

பணம் கொடுத்தால் மறக்காமல் ரசீது கேளுங்கள். கடையின் ரசீது தலைப்பு பல வருடத்துக்கு முன் தாத்தா கோத்துக் கயிறு கட்டி வைத்தது, இன்றும் அதையே டிரெடிலில் ஏற்றுகிறார்கள். எழுத்துச் சீர்திருத்தம் 1978-இல் வந்து ணை, லை, ளை, னை எல்லாம் மாறியபோது, அது தமிழ்நாட்டு அரசாணை, பாலக்காட்டுக்கு எதற்கு என்று இருந்துவிட்டாராம். என் 600 ரூபாய் ரசீதில் 'விலை' என்ற சொல்லில் லைக்கு இன்னும் யானைத் துதிக்கை இருக்கிறது.